எதற்கு எதிராக உறுதி?

மறையுரையில் நாம் எடுத்தாளும் உவமைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டிய நாள் ஒன்று வரும். எனக்கு அந்த நாள் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானார். மூன்று ஆண் மக்கள். கடைசியாக ஒரு பெண். வீட்டில் எந்தப் பிணக்கு எழுந்தாலும் அவர் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தால் போதும், மாலைக்குள் அது தீர்ந்துவிடும் என்று ஊரார் சொல்வர். அவருடைய முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியில் அந்தக் குடும்பத்திற்கு ஆறுதலாக ஏதேனும் சொல்ல விரும்பினேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நாளிதழில் ஓர் அறிவியல் செய்தியைப் படித்திருந்தேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 219 அணுக்களை அணியாக நிறுத்தி, ‘குவாண்டம் தற்சுழற்சித் திரவம்’ என்னும் பொருள்நிலையை உண்டாக்கியிருக்கிறார்கள். அதன் ஒழுங்கு தனியோர் அணுவில் தங்காமல் எல்லா அணுக்களிலும் பரவி நிற்பதால், ஓரிடத்தில் விழும் அடி அதனைக் குலைப்பதில்லை என்பது செய்தி. அதையே சொன்னேன். “உயிரற்ற அணுக்களே இவ்வாறு சிதையாமல் நிற்குமாயின், அன்பினால் பிணைந்த குடும்பம் ஒருவருடைய பிரிவால் சிதைந்துவிடுமோ?” என்று முடித்தேன். பலர் தலையசைத்தனர். நல்ல உவமை சொன்னோம் என்ற நிறைவோடு இறங்கி வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் பங்கு இல்லத்திற்கு வந்தாள். இயற்பியலில் முதுகலை முடித்து, குளிரூட்டப்பட்ட அணுக்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருப்பவள்.

“சாமி, அன்று நீங்கள் சொன்னது என் துறையைப் பற்றியது. பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதிதான்.”

“மீதிப் பாதி என்னம்மா?”

“எதற்கு எதிராக உறுதி, எவ்வளவு நேரம் உறுதி என்று நீங்கள் சொல்லவில்லை.”

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள். “அப்பா போன பிறகு அண்ணன்மார் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வீட்டைப் பிரிப்பதில் சண்டை. அம்மா நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘உயிரில்லாத அணுவே சிதையவில்லையாம், நாம் சிதைந்துவிட்டோமே, நம்முடைய அன்பில்தான் குறை’ என்று அழுகிறார்கள்.”

ஆறுதல் என்று நான் கொடுத்தது ஒரு தாயின் மேல் குற்றச்சாட்டாக விழுந்திருந்தது. முழுவதையும் எனக்குக் கற்றுக்கொடு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நான்கு சனிக்கிழமை மாலைகளில் அவள் எனக்கு ஆசிரியையாக இருந்தாள். அவளிடம் கற்றதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முக்கோணத்தின் சிக்கல்

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்த ஊசியைப் போன்றது. இப்பண்பையே தற்சுழற்சி என்கிறோம். எளிமைக்காக, ஊசி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கும் என்று கொள்வோம். சில பொருள்களில் அடுத்தடுத்த ஊசிகள் எதிரெதிராக நிற்கவே விரும்பும். சதுரக் கட்டங்களில் இது எளிது. சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும் போல மாறி மாறி நின்றுவிடலாம். முக்கோணத்திலோ முதல் ஊசி மேலே, இரண்டாவது கீழே என்று நின்றபின், மூன்றாவது எப்படி நின்றாலும் ஒருவரோடு ஒத்துப்போக இயலாது. இயற்பியலார் இந்நிலைக்கு மனிதருக்குரிய சொல் ஒன்றையே பெயராக இட்டிருக்கின்றனர்: விரக்தி. முக்கோணங்களால் ஆன தளத்தில் இத்தகைய ஊசிகள் எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரே ஒழுங்கில் உறைவதில்லை என்று 1950இல் கிரகரி வானியர் கணித்துக் காட்டினார்.

1973இல் பிலிப் ஆண்டர்சன் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். குவாண்டம் விதிகளின்படி இரண்டிரண்டு ஊசிகள் இணைசேர்ந்து தம் முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் யார் யாரோடு சேர்வது? எண்ணற்ற வகைகளில் சேரலாம். அவ்வகைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல், அவை அனைத்தும் ஒருசேர நிலவும் மேற்பொருத்த நிலையாக அப்பொருள் இருக்கக்கூடும் என்றார் அவர். பென்சீன் மூலக்கூறைப் பற்றி 1930களில் லைனஸ் பாலிங் சொன்ன ஒத்ததிர்வுக் கருத்தின் விரிவு இது. அந்நிலை உறைந்த ஒழுங்கை ஏற்காததால் ‘திரவம்’ என்று பெயர் பெற்றது. மற்றபடி அங்கே எதுவும் ஓடுவதில்லை.

1987இல் உயர்வெப்ப மீக்கடத்திகளை விளக்க ஆண்டர்சன் இக்கருத்தை மீண்டும் கையிலெடுத்தபோது, அவரோடு இணைந்து அதன் கோட்பாட்டை வளர்த்தவர்களுள் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் கழகத்தின் ஜி. பாஸ்கரன். இதைச் சொல்லும்போது என் ஆசிரியையின் முகத்தில் பெருமிதம் தெரிந்தது.

இயற்கையில் இத்திரவத்தைத் தேடியவர்கள் படிகங்களை நாடினர். ஹெர்பர்ட்ஸ்மித்தைட்டு என்னும் பச்சைக் கனிமம் நெடுங்காலமாக நம்பிக்கை தருகிறது. 2012இல் நியூட்ரான்களைக் கொண்டு அதனை ஆராய்ந்தவர்கள் எதிர்பார்த்த அடையாளங்கள் சிலவற்றைக் கண்டனர். ஆனால் துத்தநாகம் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றில் செம்பு அணுக்கள் புகுந்துவிடுகின்றன. காண்பது திரவத்தின் அடையாளமா, இந்தக் கலப்பின் விளைவா என்பதைப் பிரித்தறிவது கடினம். எனவேதான், படிகம் தருவதை ஏற்பதற்குப் பதிலாக அணுக்களை ஒவ்வொன்றாக நாமே அடுக்கிப் பார்க்கலாமே என்ற எண்ணம் எழுந்தது.

பஞ்சாரமும் 219 அணுக்களும்

அந்த அடுக்கின் வடிவத்தை விளக்கத் தாள் கேட்பாள் என்று எண்ணினேன். அவளோ கொல்லைப்புறம் போய், எங்கள் சமையற்காரர் கோழிகளை மூடிவைக்கும் பழைய பஞ்சாரத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். மூங்கில் பட்டைகள் மூன்று திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. இடையிடையே அறுகோணக் கண்கள். அவற்றைச் சுற்றிச் சிறு முக்கோணங்கள். ஜப்பானியர் இவ்வகை முடைதலைக் ‘ககோமே’ என்பர். ககோ என்றால் கூடை; மே என்றால் கண். இயற்பியலாரும் இவ்வமைப்பை அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

“இரண்டு பட்டைகள் குறுக்கிடும் முனையைப் பாருங்கள், சாமி. ஒவ்வொரு முனையிலிருந்தும் நான்கு துண்டுகள் பிரிகின்றன. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஓர் அகல்விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு முனையையும் சுற்றியுள்ள நான்கு விளக்குகளில் ஒன்று, ஒன்றே ஒன்று, எரிய வேண்டும்.”

அந்த விளக்குகளின் இடத்தில்தான் ரூபிடியம் அணுக்களை நிறுத்தினார்கள். ஒவ்வோர் அணுவையும் லேசர் ஒளியாலான இடுக்கி தாங்கிப் பிடிக்கிறது. வேறொரு லேசர், அணுவின் வெளி எலக்ட்ரானை மிக உயர்ந்த மட்டத்திற்கு ஏற்றுகிறது. அவ்வாறு ஏற்றப்பட்ட அணு இயல்பான அணுவைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரியது. சுவீடன் நாட்டு அறிஞர் யோஹன்னஸ் ரிட்பெர்க்கின் பெயரால் அது ரிட்பெர்க் அணு எனப்படும். அதுவே நம் எரியும் விளக்கு. அது எரியும்போது தன்னை ஒட்டிய ஆறு அணுக்களை எரியவிடாது. ஒரு முனையில் இரண்டு விளக்குகள் எரியாமல் இப்படித் தடுக்கப்படுகிறது. லேசரின் அளவைச் சரியாக மாற்றினால், இயன்றவரை மிகுதியான விளக்குகள் எரிய முயலும். இரண்டும் சேர்ந்தால் முனைக்கு ஒன்று என்ற விதி தானே அமைகிறது. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு விளக்குகள் எரியும். ரூபன் வெர்ரெசன், மிக்காயில் லூக்கின், அஷ்வின் விஸ்வநாத் ஆகியோர் இதனைக் கோட்பாடாக முன்மொழிந்தனர். லூக்கினின் ஆய்வுக்குழு செய்த சோதனையின் முடிவு, ஜூலியா செமெகினியை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2021 டிசம்பரில் வெளிவந்தது.

சோதனையின் இறுதியில் அணுக்களைப் படம் எடுக்கிறார்கள். ரிட்பெர்க் நிலையில் இருந்தவை இடுக்கியிலிருந்து வெளியேறிவிடும். எனவே விளக்கு எரிந்த இடம் படத்தில் வெற்றிடமாகவே தெரியும்.

விதி காக்கப்பட்டதா என்று எப்படி அறிவது? பஞ்சாரத்தில் சில முனைகளைச் சுற்றி விரலால் ஒரு வளையம் வரையுங்கள். அவ்வளையம் வெட்டும் துண்டுகளில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று எண்ணுங்கள். உள்ளே இருக்கும் முனைகள் ஒற்றைப்படை என்றால் விடை ஒற்றைப்படை. இரட்டை என்றால் இரட்டை. எந்த வகையில் எரிந்தாலும் இக்கணக்கு மாறாது. ஏனெனில் வளையத்துக்குள் அடங்கிய விளக்கு ஒவ்வொன்றும் இரண்டு முனைகளுக்குப் பணி செய்கிறது. மீதி முனைகளுக்கே வெளியிலிருந்து வளையத்தை வெட்டி விளக்கு வரவேண்டும். ஹார்வர்டில் சிறு வளையங்களில் இக்கணக்குப் பெரும்பாலும் பொருந்தியது. வளையம் பெரிதாகப் பெரிதாகப் பொருத்தம் குறைந்தது. ஆங்காங்கே விதி தவறிய முனைகள் இருந்தன.

இக்கணக்கு மட்டும் போதாது. ஒரே ஒரு ஏற்பாட்டில் உறைந்து கிடக்கும் விளக்குகளும் இதற்குப் பொருந்தும். எல்லா ஏற்பாடுகளும் உண்மையிலேயே ஒருசேர நிலவினவா என்பதற்கு, அணுக்களைச் சிறிது நேரம் வேறொரு தடைவிதியின்கீழ் இயங்கவிட்டு, இரண்டாவது அளவீடு ஒன்றும் செய்தனர். இரண்டும் சேர்ந்த பிறகே திரவத்தின் அடையாளம் தென்பட்டது என்று எழுதினர்.

உறுதி எங்கிருந்து வருகிறது?

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், பருப்பொருளும் வடிவமும் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னதை மனப்பாடம் செய்திருக்கிறேன். இங்கே வடிவம் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். அவள் பஞ்சாரத்தின் உச்சியில் இருந்த வாயைக் காட்டினாள்.

“இந்தத் துளையிலிருந்து வெளி விளிம்புவரை ஒரு கோடு இழுங்கள். அக்கோடு வெட்டும் எரியும் விளக்குகள் இரட்டையா, ஒற்றையா? எல்லா ஏற்பாடுகளும் இப்படி இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. விதியை மீறாமல் ஓரிடத்து விளக்குகளை மாற்றி மாற்றி ஏற்றினாலும் ஒரு குடும்பத்திலிருந்து மற்றதற்குப் போக முடியாது. திரவ நிலையில் எந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தாலும், எக்குடும்பம் என்பது தெரியவும் செய்யாது.”

ஓரிடத்தில் எழுதப்படாததை ஓரிடத்தில் அழிக்க இயலாது. அதனை மாற்ற வேண்டுமானால், விதி தவறிய முனை ஒன்று பிறந்து, துளையைச் சுற்றி முழுமையாக வலம்வந்தோ தளத்தை ஊடறுத்துச் சென்றோ மறைய வேண்டும். தளம் அகல அகல அதன் வாய்ப்பு மிக விரைவாகக் குறைகிறது. குவாண்டம் செய்தியைப் பாதுகாக்க இதனைப் பயன்படுத்தலாம் என்று 1997இல் அலெக்சி கிட்டாயெவ் வழி காட்டினார். இவ்வகை ‘இடவியல் ஒழுங்கு’, போதிய அளவு மெலிதான, அண்மையில் மட்டும் செயல்படும் எல்லாத் தொல்லைகளையும் தாங்கும் என்பதற்கு, அத்தொல்லைகள் தளமெங்கும் ஒரே நேரத்தில் இருந்தாலும்கூட, பிராவி, ஹேஸ்டிங்ஸ், மிக்கலாக்கிஸ் ஆகியோர் 2010இல் கணித நிறுவல் அளித்தனர்.

“ஓர் அணுவே இல்லாமல் போய்விட்டால்?” என்று கேட்டேன். யாரை மனத்தில் வைத்துக் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

“அங்கே ஒரு சிறு துளை விழும், சாமி. அது நிரம்புவதில்லை. மற்றவை அதைச் சுற்றிக்கொண்டு ஒழுங்கைக் காக்கும். ஒன்றிரண்டு என்றால் காக்கும். பல என்றால் காக்காது.”

நான் பீடத்தில் சொன்ன பாதி இதுதான். அது உண்மையும்கூட.

மீதிப் பாதி

முதலாவது, வெப்பம். இரு பரிமாணத்தில் விரிந்த இத்திரவத்தில், தனிச்சுழிக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் பிழைமுனைகள் தாமாகவே தோன்றித் திரியும். தளம் பெரிதாக இருந்தால் எங்கேனும் ஒன்று கட்டாயம் இருக்கும். பெரிதாக்கினால் உறுதி கூடும் என்ற விதி குளிருக்கே உரியது. சூட்டில் அது கைகொடுப்பதில்லை.

இரண்டாவது, தொலைவிலிருந்து வரும் மெல்லிய இழுப்பு. பக்கத்து அணுவைத் தடுக்கும் அதே விசை, தூரம் இரட்டித்தால் 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குறையுமே தவிர, இல்லாமல் போகாது. கோட்பாட்டில் கணக்கை எளிதாக்க இந்த வாலை வெட்டிவிடலாம். ஆய்வுக்கூடத்து அணுக்களிடம் அது முடியாது. அந்த மெல்லிய வால்கள் எல்லா ஏற்பாடுகளையும் சமமாக மதிப்பதில்லை. சிலவற்றுக்குச் சிறிது சலுகை தருகின்றன. அச்சலுகை போதுமானால் திரவம் ஒரே ஏற்பாட்டில் உறைந்துவிடும். ஹார்வர்டு அணியின் மிகத் தாழ்ந்த ஆற்றல்நிலை உண்மையில் திரவமாக இல்லாதிருக்கலாம் என்று 2022இல் வெளிவந்த கோட்பாட்டு ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் அவர்கள் கண்டது என்ன? இங்கேதான் நான் பெரிதும் வியந்தேன். பிழைகள் இரண்டு வகை. விதி தவறிய முனை ஒருவகை. பல ஏற்பாடுகள் ஒருசேர நிலவும் அந்த இசைவில் நேரும் பிறழ்ச்சி மற்றொரு வகை. முதல் வகை வேகமாக இயங்கும். இரண்டாம் வகை மிக மெதுவாக இயங்கும். லேசரை மாற்றும் வேகம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தால், முதல்வகைப் பிழைகள் நீங்க நேரம் கிடைக்கிறது. உறைந்த ஒழுங்கு தலையெடுக்க நேரம் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில் திரவம் பிறக்கிறது. அதுவும் தளம் முழுவதும் ஒரே கடலாகப் பிறக்க வேண்டும் என்பதில்லை. சகாய், விஸ்வநாத், வெர்ரெசன் ஆகியோர் இவற்றைக் குட்டைகள் என்றும் ஏரிகள் என்றும் அழைத்தனர்.

மூன்றாவது, காலம். இச்சோதனை சில மைக்ரோவினாடிகளில் முடிந்துவிடுகிறது. ஒரு மைக்ரோவினாடி என்பது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மிக உயர்ந்த மட்டத்தில் உள்ள எலக்ட்ரான் நெடுநேரம் அங்கே தங்குவதில்லை. விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

நான்காவது சனிக்கிழமை இதைக் கேட்டு முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. “அப்பாவின் மறைவு ஓரிடத்தில் விழுந்த அடி. வீட்டுப் பங்கோ, எல்லாரையும் எப்போதும் சிறிது சிறிதாக இழுக்கும் தொலைவிசை...” என்று தொடங்கினேன்.

“மறுபடியும் உவமை செய்கிறீர்களே, சாமி!” என்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்து நிறுத்திக்கொண்டேன். அணுக்கள் நமக்குப் பாடம் சொல்வதற்காக வரிசையில் நிற்கவில்லை.

மறுநாள் மாலை அந்த அம்மையாரைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் ஆசிரியரின் நாற்காலி சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்று பீடத்தில் நான் பாதியைத்தான் சொன்னேன் என்றும், மீதியை அறியாமல் பேசியது என் தவறு என்றும் சொல்லி, பஞ்சாரக் கதையை எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் விளக்கினேன். அவ்வளவு தேர்ந்த அறிஞர்கள், அவ்வளவு குளிரில், ஒவ்வோர் அணுவாகப் பிடித்து நிறுத்தியும் அங்கங்கே பிழை வந்தது என்றேன். அம்மையார் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு நேரம் நின்றது, சாமி?”

“கண் இமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இருக்கும், அம்மா.”

“அம்மாடி!” என்று வாயில் கை வைத்தார்கள். “அவ்வளவு நேரத்துக்கா இத்தனை பாடு? நாங்கள் நாற்பத்திரண்டு வருசம் ஒன்றாக இருந்தோமே!”

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் சிரித்ததாக மகள் பிறகு சொன்னாள்.

வீட்டுப் பிரிவினைப் பத்திரம் பின்னர் பதிவாகிவிட்டது. அண்ணன் தம்பியருள் இருவர் பேசிக்கொள்கிறார்கள். மூன்றாமவர் அம்மாவைப் பார்க்க மட்டும் வந்து போகிறார். மகள் ஆய்வைத் தொடர்கிறாள். நான் இன்றும் மறையுரைக்குக் குறிப்பெடுக்கும்போது உறுதி என்ற சொல் வந்தால் எழுதுகோலை நிறுத்தி, எதற்கு எதிராக, எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் குறித்துக்கொள்கிறேன். விடை தெரியாத இடத்தில் அச்சொல்லை அடித்துவிடுகிறேன்.